காற்றும் கணக்கும்
காற்றாலைத் தொழிலின் மூன்று சரிவுகள்

வரலாறு என்றவுடன் வேந்தரும் போரும் கல்வெட்டுமே நம் நெஞ்சில் முதலில் தோன்றுகின்றன. பல்லாவரத்துக் குடைவரையும் திருநீர்மலைக் கோயிலும் நம் வட்டாரத்துக்குப் பெருமை சேர்ப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் கண்ணெதிரே எழுந்து, நம் கண்ணெதிரே சரிந்த தொழில்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை எவரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. வேலையிழந்தவர் வீட்டைக் காலிசெய்துகொண்டு வேற்றூர் போய்விட்டால், அவரோடு அதுவும் போய்விடுகிறது. நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், தென்சென்னைப் புறநகரோடு தொடர்புடைய ஒரு தொழிலின் ஏற்ற இறக்கத்தையும், அதில் ஆட்குறைப்புக்கு ஆளானோர் நிலையையும் இக்கட்டுரை சுருங்க நோக்குகிறது. காற்றாலை செய்யும் தொழிலே அது.

வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மொழி நம்முடையது. கவிஞர் பெருமக்கள் மிகுதியும் பாடியவை தென்றலும் வாடையுமே. காற்றாலைக்கோ மேற்கிலிருந்து வரும் கோடையே உயிர். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே அக்காற்று விசையோடு புகுந்து, வைகாசி முதல் புரட்டாசி வரை தென்தமிழகத்தின் கரிசலிலும் தேரியிலும் வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இக்காற்றை அறிந்தோர் வாய்மொழி.

இக்காற்று பருவந்தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. மின்சாரத்தின் தேவையும் ஆண்டுதோறும் வளர்ந்தே வந்துள்ளது. எனினும் காற்றாலைப் பொறிகளுக்கான தேவை மட்டும் 1996, 2012, 2017 ஆகிய ஆண்டுகளை ஒட்டி மும்முறை சரிந்தது. ஏன் சரிந்தது, அச்சரிவின் சுமையைச் சுமந்தவர் யாவர் என்பனவே நாம் ஆராயவேண்டிய வினாக்கள்.

புறநகரும் தொழிலும்

ஆலை மூடப்படுவது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையை முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இந்தியச் சாலைகளில் நற்பெயர் பெற்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார் விலைபோகவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. அங்கே வாங்குவோர் பொருளை விரும்பவில்லை, ஆலை மூடப்பட்டது. காரணமும் விளைவும் எவர்க்கும் விளங்கும்படி இருந்தன. மூடிய வாயிற்கதவு நெடுஞ்சாலையில் போவோர் கண்ணில் பட்டது.

காற்றாலைத் தொழில் அத்தகையதன்று. அதற்கு ஒரே வாயில், ஒரே சங்கொலி என்று எதுவுமில்லை. காற்றாலையின் இறக்கை ஓரிடத்தில் வார்க்கப்படும். பற்சக்கரப் பெட்டியும் மின்னாக்கியும் வேறிடத்தில் செய்யப்படும். கோபுரம் மற்றோரிடத்தில் உருட்டி ஒட்டப்படும். வரைபடமும் கணக்கும் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் உருவாகும். டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனமும் ஸ்பெயினின் கமேசா நிறுவனமும் தம் இந்திய அலுவலகங்களைச் சோழிங்கநல்லூரில் அமைத்தன. கமேசாவின் தொழிற்சாலை 2010இல் செங்குன்றத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. காற்றை ஆராயும் நடுவண் அரசின் நிறுவனமோ 1998இல் தோன்றி, வேளச்சேரி – தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் நிலைகொண்டது. காற்றாலைத் தொழில்நுட்ப மையம் என்று வழங்கிய அது, 2014இல் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப் பெயர் மாறியது. அதன் சோதனைக்களம் கயத்தாற்றில் உள்ளது.

ஆகவே காற்று தெற்கே வீசினும், அக்காற்றை நம்பிய பொறியாளரும் வரைவாளரும் கணக்கரும் பலர் நம்மிடையேதான் குடியிருந்தனர். மேடவாக்கத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வாடகை வீடெடுத்து, வங்கிக் கடனில் அடுக்ககம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து வாழ்ந்தோர் அவர்கள். தொழில் சரிந்தபோது இங்கே ஆலைக் கதவு எதுவும் மூடப்படவில்லை. அலுவலகத்தில் சில நாற்காலிகள் காலியாயின. நிறுவனப் பேருந்து நின்ற நிறுத்தங்களில் ஆட்கள் குறைந்தனர். அண்டை வீட்டாரும் அறியாவண்ணம் நிகழ்ந்த சரிவு இது.

முதற் சரிவு

இந்தியாவில் காற்றாலை மின்சாரத்துக்கான முன்னோட்டப் பண்ணைகள் 1986இல் தூத்துக்குடி, குசராத்தின் ஓக்கா, மராட்டியத்தின் இரத்தினகிரி ஆகிய இடங்களில் அமைந்தன. பின்னர் டென்மார்க்கின் உதவியோடு தமிழகத்தின் தென்கோடியில் மேலும் பண்ணைகள் எழுந்தன. முப்பந்தல் உலக வரைபடத்தில் இடம்பெற்றது. ஆனால் தனியார் முதல் பெருவாரியாகப் பாய்ந்தது 1990களின் முற்பாதியில்தான். அதற்குக் காரணம் காற்றன்று. வருமான வரிச் சட்டத்தின் ஒரு விதி.

இயந்திரம் வாங்கிய ஒருவர் அதன் தேய்மானத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கணக்கில் கழித்துக்கொள்வது பொது வழக்கம். காற்றாலைக்கு மட்டும் முழு விலையையும் முதலாண்டிலேயே கழித்துக்கொள்ள அரசு இசைந்தது. நூற்பாலையொன்று ஓராண்டில் 1 கோடி ரூபாய் இலாபம் ஈட்டியதாகக் கொள்வோம். 1994 – 95இல் நிறுவனங்களுக்கான வரி, மேல்வரியோடு சேர்ந்து 46 விழுக்காடு. ஆலை முதலாளி 1 கோடிக்குக் காற்றாலை வாங்கிவிட்டால் கணக்கில் இலாபம் இல்லை; 46 இலட்சம் வரியும் அந்த ஆண்டுக்கு இல்லை. காற்றாலை சுழல்வது அதற்குப் பின் வரும் ஊதியம். ஆகவே நூற்பாலைகளும் சிமெண்டு ஆலைகளும் காற்றாலை வாங்க முந்தின.

இவ்விதிக்கு மற்றொரு விளைவும் இருந்தது. ஓராண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே கிட்டும். எனவே செப்டம்பர் இறுதிக்குள்ளோ, தவறினால் மார்ச் 31க்குள்ளோ பொறியை நிறுவிவிட வாங்குவோர் துடித்தனர். தொழிலாளியின் ஆண்டை ஆடியும் ஐப்பசியும் வகுக்கவில்லை. வரிக்கணக்கின் கடைநாள் வகுத்தது. கெடு நெருங்கும் திங்களில் இரவுபகல் வேலை. கெடு கடந்ததும் கைகட்டி நிற்றல். ஒப்பந்தக் கூலியாளுக்கு இவ்விடைவெளியே பட்டினிக் காலம்.

1995 – 96ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 380 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி தமிழகத்தில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. மைக்கான் போன்ற நிறுவனங்கள் அந்நாளில் கொடிகட்டிப் பறந்தன. அதே குழுமம் விமானப் போக்குவரத்திலும் இறங்கியது.

1996ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் குறைந்தபட்ச மாற்று வரி அறிமுகமாயிற்று. சலுகைகளைக் காட்டி வரியே செலுத்தாதிருக்கும் நிறுவனங்கள்கூட, தம் ஏட்டு இலாபத்தில் 30 விழுக்காட்டையேனும் வருமானமாகக் கொண்டு வரி கட்டவேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டில் நிறுவன வரி 35 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தால் வரியைத் தவிர்க்கும் வழியின் மதிப்பும் குறைவது இயல்பு. காற்றாலை வாங்குவோர் வரிசை கலைந்தது. 1997 – 98இல் புதிதாக நிறுவப்பட்டது நாடு முழுவதும் 100 மெகாவாட்டையும் எட்டவில்லை. என்.இ.பி.சி. விமானங்கள் 1997இல் பறப்பதை நிறுத்தின.

இரண்டாம் சரிவு

தொழில் மெல்ல மீண்டது. தேய்மானச் சலுகை 80 விழுக்காடாகக் குறைந்தபோதிலும் தொடர்ந்தது. 2009 இறுதியில், உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் 50 காசு ஊக்கத்தொகை தரும் திட்டமும் வந்தது. 2011 – 12இல் நாட்டில் ஏறத்தாழ 3,200 மெகாவாட் நிறுவப்பட்டது. தமிழகத்தின் பங்கு மட்டும் 1,000 மெகாவாட்டுக்கு மேல். பெரும்பொறிகளைச் சுமந்த நீண்ட வண்டிகள் திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஊர்ந்த காலம் அது.

2012 மார்ச் 31உடன் ஊக்கத்தொகை முடிவுற்றது. மறுநாள் முதல் புதிய காற்றாலைகளுக்கான தேய்மானம் 80இலிருந்து 15 விழுக்காடாக வீழ்ந்தது. இரு தூண்களும் ஒரே இரவில் அகற்றப்பட்டன. நாட்டில் நிறுவப்படும் அளவு அடுத்த ஆண்டே ஏறத்தாழ பாதியாயிற்று. தமிழகத்திலோ 1,000க்கு மேல் இருந்தது 200 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கியது. காற்றாலை உரிமையாளர்களுக்கு மின்வாரியம் தரவேண்டிய தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதும் இங்கே நிலைமையை மேலும் இறுக்கியது. அதே 2012இல் தமிழகம் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டில் இருண்டு கிடந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் வேண்டி நாடு தவித்த ஆண்டிலேயே மின்சாரம் ஆக்கும் பொறிக்குத் தேவையில்லை என்றானது. தேவை என்னும் சொல்லுக்குச் சந்தையில் வழங்கும் பொருளும் மக்கள் நாவில் வழங்கும் பொருளும் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

உலகளவிலும் அக்காலம் இருண்டதே. வெஸ்டாஸ் நிறுவனம் 2012 சனவரியில் 2,335 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 2011 இறுதியில் 22,000க்கு மேலிருந்த அதன் பணியாளர் தொகை அடுத்த ஆண்டிறுதியில் 18,000க்கும் கீழானது. கமேசா அதே ஆண்டு அக்டோபரில் 1,800 பேரைக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சுஸ்லான் நிறுவனம் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் பத்திரங்களை அக்டோபரில் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது.

இவ்விடத்தில் இங்கிலாந்தை அடுத்த வைட் தீவில் 2009இல் நிகழ்ந்ததை நினைவுகூர்வது தகும். அங்கே நியூபோர்ட் என்னும் ஊரிலிருந்த இறக்கை ஆலையை வெஸ்டாஸ் மூட முனைந்தபோது, தொழிலாளர் சிலர் அலுவலகத்துக்குள் புகுந்து 18 நாள் வெளியேற மறுத்தனர். உலகம் தூய ஆற்றலைப் பற்றிப் பேசும்போது அதைச் செய்யும் கைகளை ஏன் வீட்டுக்கு அனுப்புகிறீர் என்பது அவர்கள் கேள்வி. ஆலை மூடப்பட்டது. ஆயினும் செய்தியேடுகளில் அவர்கள் இடம்பெற்றனர். தீவின் வரலாற்றில் அவர்களுக்கு ஓர் ஏடு உண்டு. நம் புறநகரில் அவ்வாறு எவரும் கூடி நிற்கவில்லை. கூடுவதற்கு ஒரே வாயில் இல்லாத தொழில் என்பதை முன்னரே கண்டோம்.

2013இல் ஊக்கத்தொகை மீண்டது. 2014 சூலை நிதிநிலை அறிக்கையில் தேய்மானச் சலுகையும் மீண்டது. அரசின் ஏட்டில் இரண்டாண்டு சிறு இடைவெளி. ஒரு குடும்பத்துக்கோ அது நெடுங்காலம். சலுகை திரும்பி வந்தபோது, போனவர் அதே நாற்காலிக்குத் திரும்பி வருவார் என்பதற்கு எவ்வகை உறுதியும் இல்லை.

மூன்றாம் சரிவு

2016 – 17இல் நாடு 5,500 மெகாவாட் நிறுவி முன்னைய அளவுகளையெல்லாம் கடந்தது. அதன் உச்சியிலேயே மூன்றாம் சரிவு தொடங்கியது. அதுவரை மாநில ஒழுங்குமுறை ஆணையம் அலகுக்கு இவ்வளவு என விலை நிர்ணயித்து வந்தது. தமிழகத்தில் 2016இல் அவ்விலை ரூ. 4.16. 2017 பிப்ரவரியில் முதல் ஏலம் நடந்தது. குறைந்த விலை கேட்போர்க்கே இசைவு என்றதும் விலை ரூ. 3.46 ஆயிற்று. டிசம்பரில் குசராத்து ஏலத்தில் அது ரூ. 2.43 வரை இறங்கியது. பழைய விலையில் ஒப்பந்தம் செய்ய மாநில மின்வாரியங்கள் தயங்கின. புதிய முறையிலோ ஏலங்கள் நடந்து முடியக் காலம் பிடித்தது. தேய்மானச் சலுகையும் அவ்வாண்டு ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. 2017 – 18இல் நிறுவப்பட்டது 2,000 மெகாவாட்டுக்கும் கீழே.

அதற்குள் சீமென்சும் கமேசாவும் இணைந்து ஒரே நிறுவனமாகியிருந்தன. இந்தியச் சந்தை தற்காலிகமாக நின்றுபோனதைத் தன் இழப்புக்கான காரணங்களுள் ஒன்றாக அந்நிறுவனம் வெளிப்படையாகவே கூறியது. 2017 நவம்பரில் 24 நாடுகளில் 6,000 பேர்வரை குறைக்கும் முடிவை அறிவித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தடாவில் ஆலை நடத்திய ரீஜென் பவர்டெக் 2019 இறுதியில் நொடிப்புத் தீர்ப்பாயத்தின் நடவடிக்கைக்கு உள்ளானது.

நேர்மையான வரலாறு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வரிச் சலுகைக்காகக் காற்றாலை வாங்கியோர் சிலர்க்கு அது எவ்வளவு மின்சாரம் தந்தது என்பதில் அக்கறை இல்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஏலத்தால் மின்சாரத்தின் விலை இறங்கியது. அதனால் பொதுமக்களுக்கு நன்மையே. சலுகை நிரந்தரமாக இருத்தல் வேண்டும் என்று எவரும் வாதிட இயலாது. நாம் கேட்பது வேறு. ஒரு தேவையைச் சட்டமே உண்டாக்கியது. அத்தேவையை நம்பி ஆயிரமாயிரம் பேர் ஒரு கைத்திறனைக் கற்றனர். கண்ணாடி இழைத் துணியை அச்சில் சுருக்கமின்றி விரித்துப் பிசின் ஊட்டி நெடிய இறக்கை வார்ப்பவர் அத்திறனை மறுநாள் வேறெந்த ஆலைக்குக் கொண்டுபோவார்? ஓர் இரவில் சட்டத்தைத் திருத்தியவர்கள் அவரை எண்ணிப் பார்த்தார்களா என்பதே நம் கேள்வி.

சட்டம் கண்டவரும் காணாதவரும்

இம்மூன்று சரிவுகளின்போதும் நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம் ஒரு மாத முன்னறிவிப்பு தரவேண்டும். பணிபுரிந்த ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். கடைசியில் சேர்ந்தவரே முதலில் நீங்கவேண்டும். இவையனைத்தினும் நுட்பமான விதி ஒன்று உண்டு. நிறுவனம் மீண்டும் ஆள் சேர்க்கும்போது முன்னர் நீக்கப்பட்டோர்க்கு முதலிடம் தரவேண்டும் என்பது அது. ஏறியும் இறங்கியும் நடக்கும் காற்றாலை போன்ற தொழிலுக்காகவே எழுதப்பட்டது போன்ற விதி.

ஆனால் அவ்விதியின் நிழலில் நின்றவர் சிலரே. மேற்பார்வையும் நிர்வாகமும் செய்வோர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் அல்லர். ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர்க்கு ஆலை முதலாளி முதலாளியே அல்லர். தாமே விலகுவதாகக் கடிதம் எழுதித் தருமாறு கேட்கப்பட்டு எழுதித் தந்தவர், ஏட்டின்படி நீக்கப்பட்டவரே அல்லர். விலகல் கடிதத்தில் சொந்தக் காரணங்களால் என்று ஒரு சொற்றொடர் இருக்கும். தொழில்துறை வரலாற்றில் இதனினும் பொய்யான தொடர் அரிது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி பெறவேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது. நீக்கப்பட்டவர்க்கு வேறு திறன் பயிற்றும் நிதிக்காக 15 நாள் ஊதியம் ஒதுக்கவேண்டும் என்ற விதி அதில் புதிது.

தொழில் இன்று மீண்டும் எழுந்துள்ளது. 2024 – 25இல் நாட்டில் நிறுவப்பட்டது 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. தமிழகத்தின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. பல்லாண்டு முதலிடம் வகித்த நம் மாநிலத்தை 2023இல் குசராத்து முந்தியது. இந்த ஏற்றமும் நிலையானது என்று கொள்வதற்கு நாம் கண்ட வரலாறு இடந்தரவில்லை.

நம் கடன்

புள்ளிவிவரம் மெகாவாட்டை எண்ணுகிறது. ஆளை எண்ணும்போது உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையாக எண்ணுகிறது. 6,000 என்னும் எண்ணுக்குள் சேலையூர்க்காரர் எத்தனை பேர், அவருள் ஊர் திரும்பியோர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அதைச் செய்யக்கூடியவர் அத்தெருவில் வாழ்பவரே.

ஆகவே வட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே பொறியாளரும் கணக்கரும் தொழிற்சங்கத்தாரும் ஆசிரியரும் உள்ளனர். நம் தெருக்களில் காற்றாலைத் தொழிலில் இருந்து விலகியோர், விலக்கப்பட்டோர் யாரென அறிந்து, அவர் இசைவோடு அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்போம். பணியமர்வுக் கடிதம், அடையாள அட்டை, விலகல் கடிதத்தின் படி ஆகியவற்றைத் திரட்டுவோம். 1996இல் இளைஞராய் இருந்தவர் இன்று ஓய்வு பெறும் வயதில் இருப்பார். காலம் கடத்தல் ஆகாது. கவிதை எழுதுவோர் எழுதட்டும். ஆனால் பெயரும் ஆண்டும் வேலையும் முதலில் ஏட்டில் ஏறட்டும்.

காற்றின் நாற்றிசைக்கும் பெயர் வைத்த மொழியில், அக்காற்றை மின்சாரமாக்கிய கைகளுக்கும் ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். அதைத் தொடங்குவது நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்குரிய முதற் பணியாகட்டும்.